காபியில் ஒரு சிட்டிகை சோடா... நெஞ்செரிச்சல் போகுமா?

விடியற்காலை நாலரை மணி. திருவள்ளூரில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு விளக்கு எரிகிற வீடுகளை எண்ணினால், எத்தனை வீட்டுக்காரர்களுக்கு அன்றைக்கு 'ஏ ஷிப்ட்' என்று சொல்லிவிடலாம். என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. நாலே முக்காலுக்கு கம்பெனி பஸ் முனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். பெரியபாளையம் வழியாகப் போய், ஆறு மணிக்குள் கார்டு அடிக்க வேண்டும். பல் தேய்த்த கையோடு ஒரு டம்ளர் காபி. எட்டரை மணிக்கு கேன்டீனில் டிபன் வரும் வரைக்கும் அவருக்கு அதுதான் ஆகாரம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பாதி காபியை அப்படியே டபராவில் வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னங்க, காபி நல்லா இல்லையா?"

"ஒரே கசப்பு. கசப்புகூடப் பரவாயில்ல, குடிச்சா நெஞ்சு எரியுது. பஸ்ஸுல ஏறி உட்கார்ந்தா புளிச்ச ஏப்பமா வருது. பெரியபாளையம் போறதுக்குள்ள தொண்டை வரைக்கும் எதுக்களிக்குது."

பதினெட்டு வருஷமாக என் கையால் காபி குடிக்கிற மனுஷர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காபியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, விசாரணையில் இறங்கினேன். கேட்ட மாத்திரத்தில் யோசனைகள் வந்து குவிந்தன!

"டிகாக்ஷன் போடறப்போ பொடி மேல நாலு கல் உப்பு போடு. எங்கம்மா அப்படித்தான் போடுவாங்க" என்றார் அத்தை. எதிர்வீட்டு மாமி, "எல்லாம் சிக்கரி பண்ற வேலைடீ. ப்யூர் பொடி வாங்கு" என்றார். மாடி வீட்டு அக்கா ஒரு படி மேலே போய், "ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டா அமிலம் முறிஞ்சிடும். எங்க வீட்ல அவருக்கு அப்படித்தான்" என்று அடித்துச் சொன்னார். கேன்டீன் சிநேகிதர்கள் கட்சி ஏலக்காய். மீஞ்சூரில் இருக்கும் என் தங்கை, "முட்டை ஓட்டைப் பொடிச்சுப் போட்டா புளிப்பு போகுமாம் அக்கா" என்று போன் செய்தாள். சைவ வீட்டில் காபிக்குள் முட்டை ஓடா! அத்தை காதில் விழாமல் பேச்சை மாற்றினேன்.

ஆனால் ஒவ்வொன்றையும் செய்து பார்த்தேன் (முட்டை ஓடு தவிர). எதில் விஷயம் இருக்கிறது, எதில் இல்லை என்பதை அப்புறம் படித்தும், டாக்டரிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். அந்தப் புரிதலுக்கு நாங்கள் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அதையும் சொல்கிறேன்.

உப்பு செய்யும் மாயம்

முதலில் அத்தையின் நாலு கல் உப்பு. காபியில் உப்பா என்று முகம் சுளிக்காதீர்கள். நெல்லிக்காய்க்கும், வெள்ளரிப்பிஞ்சுக்கும் உப்பு தொட்டுக்கொள்கிறோமே, ஏன்? உப்புக்காகவா? நெல்லிக்காயின் துவர்ப்பும் கசப்பும் அடங்கி, உள்ளே இருக்கும் தித்திப்பு தெரிவதற்காக.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் சுவை, வாசனை பற்றி மட்டுமே ஆராய்கிற மோனெல் மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பிரெஸ்லின், பூஷாம்ப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1997-ல் இதை சோதித்து, 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த ஒரு கரைசலில் சோடியம் உப்பு ஒன்றைச் சேர்த்தபோது, கசப்பு குறைவாகத் தெரிந்தது. அதோடு இனிப்பும் தூக்கலாகத் தெரிந்தது. கசப்பு அமுங்கினால், அது அமுக்கி வைத்திருந்த இனிப்பு வெளியே வருகிறது.

சமையலறைக் கணக்கில் இதற்கு என்ன அர்த்தம்? அதே காபிக்கு அரை ஸ்பூன் சர்க்கரை குறைத்தாலும் ருசியில் குறை தெரியாது. எங்கள் வீட்டில் அத்தைக்கு சர்க்கரை வியாதி. இந்த ஒரு விஷயத்துக்காகவே உப்பு யோசனைக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடுவேன். அளவு முக்கியம். நாலு பேர் டிகாக்ஷனுக்கு ஒரு சிட்டிகைக்குக் குறைவாக. வாயில் உப்புக் கரித்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதையும் அன்றைய உப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு எல்லாமாகச் சேர்த்து 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உப்பு வேலை செய்வது நாக்கில். டம்ளருக்குள் இருக்கும் அமிலம் அப்படியேதான் இருக்கும். கசப்பு போனது, அவருடைய எரிச்சல் போகவில்லை.

சோடா செய்வது வேறு

ஆப்ப சோடாவின் கதை வேறு. இது அமிலத்தோடு நிஜமாகவே சண்டை போடுகிறது. டிகாக்ஷனில் போட்டதும் பொசுபொசுவென்று லேசாக நுரைத்து வரும். அமிலமும் சோடாவும் சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடாக வெளியேறுகிற நுரை அது. புளிப்பு குறைந்துவிடும். டிகாக்ஷன் நிறமும் கொஞ்சம் கருக்கும். ஒரு டம்ளருக்கு அரைச் சிட்டிகை போதும். ஒரு பொட்டு கூடினாலும் சோப்புத் தண்ணீர் ருசி வந்துவிடும். முதல் நாள் நான் கால் ஸ்பூன் போட்டு, மூன்று பேர் காபியையும் தொட்டியில் கொட்டினேன்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஆப்ப சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. பேக்கிங் பவுடரில் சோடாவோடு ஒரு அமிலப் பொடியையும் கலந்தே விற்கிறார்கள், அதனால் இந்த வேலைக்கு உதவாது. இரண்டாவதுதான் பெரிய விஷயம். துணிக்குப் போடும் சலவை சோடாவும் பார்க்க அதே வெள்ளைப் பொடிதான். அது தொண்டையையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கிவிடும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கிற வழக்கம் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுகிற யோசனையை யாராவது சொன்னால், கை கூப்பி அனுப்பிவிடுங்கள்.

சோடா போட்டால் பால் திரியாது என்பதும் உண்மை. அதனால்தான் பழைய பாலை ஓட்டுவதற்குச் சில வியாபாரிகள் அதில் சோடாவைக் கலந்துவிடுகிறார்கள். சட்டப்படி அது கலப்படம். நாமே நம் டம்ளரில் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் ஆப்ப சோடாவின் எடையில் நூற்றுக்கு 27 பங்கு சோடியம். இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது தினசரிப் பழக்கமாகவே கூடாது.

மற்ற யோசனைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் வாசனை தரும், கசப்பை மறைக்கும், அமிலத்தை ஒன்றும் செய்யாது. தங்கை சொன்ன முட்டை ஓட்டில் விஷயம் இருக்கிறது. அது கால்சியம் கார்பனேட், சோடா மாதிரியே அமிலத்தை முறிக்கும். ஸ்வீடன், நார்வேயிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்கள் முட்டையை ஓட்டோடு உடைத்துப் போட்டே காபி கொதிக்க வைப்பார்களாம். நமக்கு அது வேண்டாம். சரியாகக் கொதிக்காத ஓட்டில் கிருமி தங்கும் பயமும் உண்டு. சுக்கு காபி? அதில் சுக்கு, தனியா, கருப்பட்டி எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான வீட்டு சுக்கு காபியில் காபிப்பொடி மட்டும் இல்லை! அதைக் குடித்து எரிச்சல் இல்லை என்றால் பெருமை சுக்குக்கா, இல்லாத காபிக்கா என்று யோசிக்க வேண்டியதுதான்.

பழி சுமந்த சிக்கரி பாவம். அது காசினிக் கீரை இனத்துச் செடி ஒன்றின் வேரை வறுத்து அரைத்த பொடி. அதில் காஃபின் கிடையாது. கசப்பும் கெட்டித்தன்மையும் தரும். காபி-சிக்கரி கலவையில் காபி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது, எத்தனை சதவிகிதம் என்பதைப் பாக்கெட் மேல் அச்சிட வேண்டும் என்பது சட்டம். 'ஃபில்டர் காபி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டு, அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். கசப்பு ஆகாது என்றால் சிக்கரியைக் குறைக்கலாம். காஃபின் ஆகாது என்றால் சிக்கரி இருப்பதே நல்லது.

மீஞ்சூர் தண்ணீரும் கேன் தண்ணீரும்

இந்த ஆராய்ச்சியில் எனக்கு நிஜமாகவே ஆச்சரியம் தந்தது தண்ணீர்தான். தங்கை வீட்டுக்கு மீஞ்சூர் போகும்போதெல்லாம், போர் தண்ணீரில் போட்ட காபி ஒரு மாதிரி சப்பென்று இருக்கும். அவள் கேன் தண்ணீருக்கு மாறியதும் அதே பொடி, அதே பால், ஆனால் சுரீரென்று ஒரு புளிப்பு!

காரணம் இருக்கிறது. கடின நீரில் பைகார்பனேட் என்ற பொருள் கரைந்திருக்கும். ஆப்ப சோடாவின் ரசாயனப் பெயர் என்ன? சோடியம் பைகார்பனேட். ஒரே குடும்பம்! வெந்நீர் கொதிக்கிற பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, ஃபில்டர் ஓட்டையை அடைக்கிறதே, அந்தத் தண்ணீர் நாம் எதுவும் போடாமலே காபியின் புளிப்பை முறித்துவிடுகிறது. கேன் தண்ணீரிலும், ஆர்.ஓ. தண்ணீரிலும் இது பெருமளவு நீங்கிவிடுவதால், காபியின் சொந்தப் புளிப்பு பளிச்சென்று தெரிகிறது.

மீஞ்சூர் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் பல பத்தாண்டுகளாகக் கிணறுகளிலிருந்து தண்ணீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வந்துவிட்டது. அங்கே பல கிணறுகளில் தண்ணீரே உப்பு. அத்தையின் நாலு கல் உப்பு யோசனை அந்த ஊருக்குத் தேவைப்படாது! உங்கள் வீட்டிலும் திடீரென்று காபி ருசி மாறினால், பொடிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன், தண்ணீர் மாறியதா என்று யோசித்துப் பாருங்கள்.

பாட்டிமார்கள் சொன்னது சரிதான்

எதையும் கலக்காமலே கசப்பையும் புளிப்பையும் குறைக்க வழி இருக்கிறது. அது டிகாக்ஷன் போடும் முறையில் இருக்கிறது.

காபிக் கசப்புக்கு காஃபின்தான் காரணம் என்று நினைக்கிறோம். அதன் பங்கு கொஞ்சம்தான். கொட்டையை வறுக்கும்போது அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் உருமாறி உண்டாகிற பொருள்கள்தான் பெரும்பங்கு கசப்புக்குக் காரணம். வறுக்க வறுக்கப் புளிப்பு குறையும், கசப்பு கூடும். ஆகவே கடையில் பொடி அரைக்கும்போது, "ரொம்பக் கருக வேண்டாம், ரொம்ப வெளுப்பாவும் வேண்டாம்" என்று சொல்லி வாங்குவது அர்த்தமுள்ள பேச்சு. ரோபஸ்டாவில் காஃபினும் கசப்பும் அதிகம். பீபரி, பிளாண்டேஷன் ஏ என்று நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் அராபிகா வகை, கசப்பு குறைவு, புளிப்பு சற்றுக் கூட.

பொடியில் ஊற்றும் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறபோதே ஊற்றாமல், அடுப்பை அணைத்து அரை நிமிஷம் விட்டு ஊற்றினால் கசப்பு இறங்குவது குறையும். இரண்டாம் டிகாக்ஷனில் நல்ல சத்தெல்லாம் போன பிறகு கசப்புதான் மிச்சம். சிக்கனம் என்று அதை முதல் டிகாக்ஷனோடு கலந்துவிடுகிறோமே, காபி கெடுவதற்கு அதைவிட சுலபமான வழி இல்லை.

"டிகாக்ஷனை அடுப்பில வைக்காதே, பாலைச் சுட வை" என்று பாட்டிமார்கள் திட்டுவார்களே, அதில் அப்பட்டமான ரசாயனம் இருக்கிறது. டிகாக்ஷனைத் தொடர்ந்து சூட்டிலேயே வைத்திருந்தால், அதிலுள்ள சில பொருள்கள் உடைந்து குவினிக் அமிலமாக மாறிப் புளிப்பு ஏறும். நான் செய்த தப்பும் இதுதான். விடியற்காலை எழுந்து போட சோம்பல்பட்டு, ராத்திரியே டிகாக்ஷன் இறக்கி வைத்து, காலையில் அதைச் சுட வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி இறக்குவது தப்பில்லை. மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் கொதிக்கிற பாலில் அப்படியே கலந்தால் போதும்.

பால் பற்றி ஒரு வார்த்தை. பாலிலுள்ள கேசின் என்ற புரதம், காபியின் கசப்பு, துவர்ப்புப் பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் ஊர்க் காபிக்குப் பால்தான் முதல் மருந்து. கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்ஷனில் கெட்டிப்பால் ஊற்றிய காபிக்கு சோடாவும் தேவையில்லை, உப்பும் தேவையில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு மாடி வீட்டு அக்காவின் சோடாதான் தெய்வமாகத் தெரிந்தது. அரைச் சிட்டிகை சோடா போட்டுக் கொடுத்தேன். குடித்தார், ஏப்பம் விட்டார். "இப்போ தேவலைம்மா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் நானே சிபாரிசு செய்தேன்.

ஒரு மாதம் ஆனது. காலையில் மட்டும் இருந்த எரிச்சல், ராத்திரியிலும் வர ஆரம்பித்தது. அவர் எனக்குச் சொல்லாமல், சோடாவை அரை ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்கப் பழகிக்கொண்டார். குடித்தால் பத்து நிமிஷத்தில் சுகம். அப்புறம் மறுபடி எரிச்சல். இன்னொன்றும் நடந்தது. லோடிங் பக்கம் மாற்றியதால் அவருக்கு முதுகு வலி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் என் காபியோடுதான் விழுங்கியிருக்கிறார். அதுவும் எனக்குத் தெரியாது.

நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. "ரெண்டு நாளா வெளிக்கி தார் மாதிரி கறுப்பா போகுதும்மா" என்றார், சாதாரணமாக. நின்றவர் தலை சுற்றி சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ரொம்பக் குறைந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடலின் ஆரம்பத்தில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. டாக்டர் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. நிதானமாகக் கேட்டார்: "எரிச்சலுக்கு என்ன குடுத்துக்கிட்டிருந்தீங்க?"

சொன்னேன். "அமிலம் முறியுமேன்னுதான் டாக்டர்..."

"முறிஞ்சது. அதான் நாலு மாசம் லேட்டா வந்திருக்கீங்க."

தயிரைவிடப் புளிப்பு குறைவு!

டாக்டர் விளக்கியதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். அமிலத்தை அளக்க 'பி.ஹெச்.' என்று ஒரு எண் உண்டு. 7 என்றால் நடுநிலை. எண் இறங்க இறங்க அமிலம் கூடும், ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு. பால் சுமார் 6.7. வெறும் டிகாக்ஷன் சுமார் 5. நாம் தினமும் பிசைந்து சாப்பிடும் தயிர் சுமார் 4.5. அதாவது காபியைவிடத் தயிர்தான் புளிப்பு! பால் சேர்த்த காபி இன்னும் சாது.

நம் இரைப்பையில் ஊறும் அமிலம்? 2-க்கும் கீழே போகும். 2 என்றே வைத்துக்கொண்டாலும் காபியைப் போல ஆயிரம் மடங்கு. அப்படிப்பட்ட இடத்தில் போய் விழும் காபியின் புளிப்பைக் குறைத்தால் என்ன, கூட்டினால் என்ன?

அப்படியானால் காபி குடித்தால் ஏன் எரிகிறது? காபி, இரைப்பையைத் தூண்டி அதன் சொந்த அமிலத்தைச் சுரக்க வைக்கிறது. காஃபின் மட்டும் காரணமில்லை. காஃபின் நீக்கிய காபியும் அமிலத்தைத் தூண்டுவதை 1975-லேயே அமெரிக்காவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சிலருக்கு உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வு காபியால் சற்றுத் தளர்ந்து, அமிலம் மேலேறுகிறது. டம்ளரில் போட்ட சிட்டிகை சோடா இந்த இரண்டையும் தடுக்காது. ஸ்பூன் கணக்கில் குடித்தால் கொஞ்ச நேரம் அமிலம் அடங்கும், ஏப்பம் வந்து சுகமாக இருக்கும். அடியில் புண் இருந்தால் அது பாட்டுக்கு வளரும்.

சரி, புண்ணை உண்டாக்கியது காபியா? அதுவும் இல்லை! ஜப்பானில் 8,013 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட கணக்கில், காபி குடிப்பதற்கும் அல்சருக்கும் தொடர்பு தெரியவில்லை. அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்தபோது யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது காரணம், வலி மாத்திரைகள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் வகைகள். என் வீட்டுக்காரருக்கு இரண்டும் இருந்தது. கிருமிக்கு 14 நாள் மருந்து, வலி மாத்திரைக்கு அன்றோடு முழுக்கு. மருந்து முடிந்து சில வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி பரிசோதனை. இதை விட்டுவிடாதீர்கள், பலர் எரிச்சல் நின்றதும் டாக்டர் பக்கமே போவதில்லை.

சமையலறையில் வைத்தியம் செய்யக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. மலம் தார் போலக் கறுத்துப் போவது (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கறுக்கும், இருந்தாலும் கேட்டுக்கொள்வது நல்லது). வாந்தியில் காபித்தூள் மாதிரி துணுக்குகள் வருவது. அது காபி அல்ல, அமிலத்தில் உறைந்த ரத்தம். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எரிச்சல் தொடர்வது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, 'கேஸ் ட்ரபிள்' என்று நாம் நினைக்கிற நெஞ்சு வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், இடது கை அல்லது தாடையில் வலி இருந்தால் சோடாவும் வேண்டாம், இஞ்சிச் சாறும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, உடனே போய் ஈ.சி.ஜி. எடுங்கள்.

எப்போதுதான் குடிப்பது?

காபியை நிறுத்தச் சொல்வார் என்று பயந்துகொண்டே கேட்டோம். புண் ஆறும் வரை வேண்டாம் என்றார். அப்புறம் குடிக்கலாம், ஒத்துக்கொண்டால். "காலி வயித்துல மட்டும் வேண்டாம்" என்றார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்று இருக்கிறது. காபியும் டீயும் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைப்பதால். நம் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், இது நமக்கு முக்கியம். காலி வயிறும் கூடாது, சாப்பாட்டோடும் கூடாது என்றால் எப்போதுதான் குடிப்பது! நான் கண்ட வழி இது: எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழமோ இரண்டு ரஸ்க்கோ, அப்புறம் காபி. டிபன் ஒரு மணி நேரம் கழித்து. அதே வழிகாட்டி காஃபினுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. 150 மில்லி டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120 வரை, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 வரை இருக்கும் என்கிறது. கர்ப்பிணிகள் இந்த எல்லையையும் நம்பி இருக்காமல், தங்கள் டாக்டரிடம் கேட்டு இன்னும் குறைத்துக்கொள்வது நல்லது.

ஏ ஷிப்டுக்கு நாலே முக்கால் பஸ் பிடிக்கிறவருக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இப்போது ராத்திரி ஊற்றும் இட்லியிலேயே இரண்டை எடுத்து வைத்துவிடுகிறேன். பஸ் வருமுன் அதைச் சாப்பிட்டுவிடுகிறார். காபி சின்ன ஃபிளாஸ்கில் கூடவே போகிறது. பெரியபாளையம் தாண்டி, கவரைப்பேட்டை வரும்போது குடிப்பாராம். இட்லிக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் தானாகவே ஆகிவிடுகிறது. நைட் ஷிப்டில் ரெண்டு மணிக்கு மேல் காபி கிடையாது, வெந்நீர்தான்.

ஆப்ப சோடா டப்பா இப்போது மேல் தட்டில், பெயர் எழுதி ஒட்டி. ஆப்பத்துக்கு மட்டும் இறங்கும். சலவை சோடா குளியலறைக்குப் போய்விட்டது. அத்தையின் நாலு கல் உப்பு தொடர்கிறது, அவருக்கு சர்க்கரை பாதி ஸ்பூன் குறைந்தும் இருக்கிறது. மாடி வீட்டு அக்காவின் கணவரையும் விடாமல் நச்சரித்து டாக்டரிடம் அனுப்பிவிட்டேன். போன வாரம்தான் போய் வந்தார்கள். அவருக்குப் புண் எதுவும் இல்லையாம், ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதுதான் கோளாறாம். அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

சோதனை ரிசல்ட்டில் கிருமி இல்லை என்று வந்த அன்றைக்கு, முதல் டிகாக்ஷனில் கெட்டிப்பால் ஊற்றி, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் இருக்குமா?" என்றார்.

கொடுக்கவில்லை.